ஊருக்கு மேலே பறக்கும் சாத்தான்

இரவு நேரம். கீழே ஒரு பழைய ஐரோப்பிய நகரம் இருட்டில் கிடக்கிறது. கூரைகளுக்கு நடுவே தேவாலயக் கோபுரங்கள் ஊசி ஊசியாக எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஓர் உருவம் பறக்கிறது. முதுகில் இரண்டு பெரிய சிறகுகள். முறுக்கேறிய வெற்றுடம்பு. கை, கால் விரல்களின் நுனியில் நகங்கள் பருந்தின் நகம்போல் நீண்டு வளைந்திருக்கின்றன. முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. எதையோ பேசி முடித்துவிட்டு, பேசியதை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டே போகிறவனின் சிரிப்பு அது.

பிரெஞ்சு ஓவியர் யூஜேன் தெலக்ருவா கல்லில் வரைந்த அச்சுப்படம் இது. ஜெர்மன் கவிஞர் கதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்துக்காக அவர் வரைந்த 17 காட்சிப் படங்களில் முதலாவது. 1828இல் பாரிஸில் புத்தகமாக வந்தது. பறப்பவன் மெஃபிஸ்டோஃபிலிஸ், அதாவது ஃபவுஸ்ட் என்ற அறிஞனை வீழ்த்த வருகிற சாத்தான். படத்தின் உயரம் சுமார் 27 சென்டிமீட்டர், அகலம் சுமார் 23 சென்டிமீட்டர். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது சுவர் அளவுக்குப் பெரிதாகத்தான் அது மனதில் வருகிறது. இவ்வளவு சிறிய காகிதத்தில் இவ்வளவு பெரிய இரவு எப்படி அடங்கியது என்ற கேள்விதான் என்னை இதன் பின்கதைக்குள் இழுத்தது.

படத்தின் அடியில் பிரெஞ்சில் இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “அவ்வப்போது அந்தப் பெரியவரைப் போய்ப் பார்ப்பதில் எனக்கு விருப்பம்தான். அவரோடு முறித்துக்கொள்ளாமல் கவனமாகவும் இருக்கிறேன்.”

இந்த வரிகள் நாடகத்தில் எங்கே வருகின்றன என்று தெரிந்தால்தான் படம் திறக்கும். ‘ஃபவுஸ்ட்’ முதல் பாகம் 1808இல் வெளியானது. கதையின் தொடக்கத்தில் ‘சொர்க்கத்தில் முன்னுரை’ என்று ஒரு காட்சி. கடவுள் வீற்றிருக்கிறார். மூன்று தலைமைத் தேவதூதர்கள் சூரியனையும் பூமியின் சுழற்சியையும் இடி மின்னலையும் புகழ்ந்து பாடுகிறார்கள். அந்தச் சபைக்குச் சாத்தானும் வருகிறான். கடவுள் ஃபவுஸ்ட்டைப் பற்றிப் பேச்செடுக்கிறார். அவனைத் தன் வழிக்கு இழுத்துக்காட்டுவதாகச் சாத்தான் சவால் விடுகிறான். ஃபவுஸ்ட் பூமியில் இருக்கிறவரை முயன்று பார் என்று கடவுள் அனுமதி கொடுக்கிறார். விவிலியத்தின் யோபு புத்தகத் தொடக்கத்திலிருந்து கதே எடுத்துக்கொண்ட அமைப்பு இது. இதற்கும் முன்னால் ‘நாடக அரங்கில் முன்னுரை’ என்று இன்னொன்று உண்டு. அதில் அரங்க நிர்வாகியும் கவிஞரும் கோமாளியும் நாடகம் எப்படி இருக்கவேண்டும் என்று வாதாடுவார்கள். காளிதாசரின் சாகுந்தலத்தை ஜெர்மன் மொழியில் படித்து வியந்தவர் கதே. நம்முடைய பழைய நாடகங்களில் சூத்திரதாரி வந்து பேசுகிற முறையிலிருந்துதான் இந்த அரங்க முன்னுரை பிறந்தது என்று வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. அது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் நம் படம் அந்தக் காட்சி இல்லை, சொர்க்கக் காட்சி.

சொர்க்கக் காட்சி என்றால் ஓர் ஓவியர் என்ன வரைவார்? மேகம், ஒளி, நடுவில் கடவுள், சுற்றிலும் தூதர்கள், ஓரத்தில் கறுப்பாகச் சாத்தான். தெலக்ருவா இதில் ஒன்றைக்கூட வரையவில்லை. கடவுளை விட்டுவிட்டார், தூதர்களை விட்டுவிட்டார், சொர்க்கத்தையே விட்டுவிட்டார்.

இது அலட்சியத்தால் விட்டது இல்லை. நாடகத்தின் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கடவுள் பேசி முடித்ததும் கதே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: சொர்க்கம் மூடுகிறது, தூதர்கள் கலைகிறார்கள். அப்புறம் சாத்தான் தனியாக நின்று நான்கே வரி பேசுகிறான். முதல் இரண்டும் மேலே சொன்னவை. அடுத்த இரண்டின் பொருள்: அவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவர் சாத்தானிடம்கூட இவ்வளவு மனுஷத்தன்மையோடு பேசுவது அழகான விஷயம்தான். அத்தோடு காட்சி முடிந்துவிடுகிறது. அடுத்த காட்சி, குறுகலான அறையில் ஃபவுஸ்ட் நள்ளிரவில் புலம்புவது.

அப்படியானால், சொர்க்கக் கதவு மூடியதற்கும் ஃபவுஸ்ட்டின் அறைக்கும் இடையில் என்ன நடந்தது? சாத்தான் வானத்திலிருந்து ஊருக்கு வந்திருக்கவேண்டும். கதே அதை எழுதவில்லை, மேடையிலும் யாரும் காட்டமாட்டார்கள். இரண்டு காட்சிகளுக்கு நடுவே இருக்கிற அந்த வெற்றிடத்துக்குள் தெலக்ருவா நுழைந்துவிட்டார். சிறகு, இரவு, கோபுரங்கள் எல்லாம் அவர் சேர்த்தவை. அந்த நகரத்தை ஜெர்மனியின் விட்டன்பர்க் என்று சொல்வது பிறகு வழக்கமாகிவிட்டது. கதே அங்கே எந்த ஊரையும் பெயர் சொல்லவில்லை. தெலக்ருவா கவிதையின் வரிகளை எடுத்துக்கொண்டு கவிதையில் இல்லாத ஒரு பயணத்தை வரைந்திருக்கிறார்.

இந்த ஒரு தேர்வுதான் படத்தை வெறும் விளக்கப்படம் என்ற நிலையிலிருந்து தூக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். நாடகத்தில் அந்த நான்கு வரிகளைப் படிக்கும்போது நாமும் கொஞ்சம் புன்னகைப்போம். சாத்தான் ஒரு பேச்சுக்காரன், சபை நடப்பு தெரிந்தவன், பெரிய இடத்து ஆட்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று அறிந்தவன் என்று தோன்றும். படம் அதே வரிகளைத் தனக்குக் கீழே வைத்துக்கொண்டு, பேசுகிறவனின் நகத்தைக் காட்டுகிறது. இந்த மரியாதைப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது எது என்று காட்டுகிறது. அடியில் தூங்கிக்கொண்டிருக்கும் ஊருக்கு அவன் வருவது தெரியாது. நமக்கு மட்டும் தெரியும்.

தெலக்ருவா இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

அவர் பிறந்தது 1798இல். ‘ஃபவுஸ்ட்’ பிரான்சுக்குள் மெதுவாகத்தான் வந்தது. எழுத்தாளர் மதாம் தெ ஸ்தால் ஜெர்மனியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அந்த நாடகத்திலிருந்து நீண்ட பகுதிகளை எடுத்துக் கொடுத்து அதை விவரித்திருந்தார். முழு மொழிபெயர்ப்புகள் 1823 வாக்கில்தான் கைக்குக் கிடைத்தன. ஆனால் தெலக்ருவாவை முதலில் பிடித்தது எழுத்து இல்லை, படங்கள்தான். மோரிட்ஸ் ரெட்ஷ் என்ற ஜெர்மன் ஓவியர் 1816இல் ‘ஃபவுஸ்ட்’டுக்கு 26 செதுக்குப்படங்கள் வெளியிட்டிருந்தார். நிழல் கிடையாது, கறுப்பு கிடையாது, மெல்லிய வெளிக்கோடு மட்டும். இன்று பார்த்தால் சாந்தமாகத் தெரியும் அந்தப் படங்கள் அன்று வாசகர்களைக் கலக்கியிருக்கின்றன. ஃபவுஸ்ட்டும் அவன் காதலிக்கும் மார்கரெத்தும் முத்தமிடும் படத்தை ஒரே ஒரு முறைதான் பார்க்கத் துணிந்தேன், அது இருக்கிற தாளின் மறுபக்கத்தைத் தொட்டாலே தலை சுற்றியது என்று கவிஞர் ஷெல்லி 1822இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

1824 பிப்ரவரியில் தெலக்ருவா தன் நாட்குறிப்பில், ஃபவுஸ்ட் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் முற்றிலும் புதிய ஓர் ஓவியமுறையில் இறங்கவேண்டும் என்ற ஆசை தனக்குள் எழுகிறது என்று குறித்துவைத்தார். அப்போது அவருக்கு வயது 25. அடுத்த ஆண்டு, 1825 கோடையில், லண்டனுக்குப் போனார். அங்கே ஒரு நாடக அரங்கில் ஃபவுஸ்ட் கதையை இசையும் மேடை வித்தைகளும் கலந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். கதேயின் நாடகத்தை நிறைய மாற்றிய வடிவம் அது. ஆனாலும் இதைவிடச் சாத்தான்தனமான ஒன்றைக் கற்பனை செய்ய முடியாது என்று பாரிஸில் இருந்த நண்பருக்கு எழுதினார். சாத்தானாக நடித்தவர் டேனியல் டெர்ரி. ஆள் பருமனாக இருந்தாலும் அவருடைய சுறுசுறுப்பும் சாத்தான் குணமும் கொஞ்சமும் குறையவில்லை என்று கிட்டத்தட்ட 37 ஆண்டுகள் கழித்தும் தெலக்ருவா நினைவுகூர்ந்தார். எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தால் ஒருவர் அத்தனை காலம் கழித்து ஒரு நடிகரின் உடல்வாகைக் குறிப்பிட்டுச் சொல்வார்!

இந்தக் கடைசிச் செய்தியை நான் முக்கியமாக நினைக்கிறேன். ரெட்ஷின் கோடுகளில் சாத்தானுக்கு வடிவம் இருக்கிறது, எடை இல்லை. மேடையில் தெலக்ருவா பார்த்தது எடையுள்ள சாத்தானை: வியர்க்கிற, மூச்சு வாங்குகிற, துள்ளுகிற ஓர் உடம்பை. பறக்கும் படத்தில் தசைகளுக்கு அவர் கொடுத்திருக்கும் கனம் அங்கிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அவனுடைய சிறகு காற்றை உண்மையாகவே தள்ளவேண்டியிருக்கிறது.

சரி, எடையைக் காகிதத்தில் கொண்டுவர வேண்டுமானால் கறுப்பு வேண்டும். வெளிக்கோடு போதாது. இங்கேதான் கல் வருகிறது.

கல்லச்சு அன்று புதிய தொழில்நுட்பம். ஆலோய்ஸ் செனஃபெல்டர் என்ற ஜெர்மன் நாடக எழுத்தாளர், தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தார். 1796இல் ஒருநாள் அவருடைய அம்மா, சலவைக்குப் போட்ட துணிகளின் கணக்கை எழுதித் தரச் சொன்னார். கையில் தாள் இல்லாமல், பக்கத்தில் கிடந்த வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் மெழுகும் சோப்பும் புகைக்கரியும் கலந்த மையால் அதை எழுதினார். தொடக்கம் அதுதான் என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டு சோதனைக்குப் பிறகு முறை முழுமையாகப் பிடிபட்டது.

அதன் அடிப்படை நம் வீட்டுச் சமையலறையில் தெரிகிற விஷயம்தான்: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. கொழுப்புக் கலந்த கிரேயானால் கல்லில் வரைய வேண்டும். அதன்மேல் வேலம்பிசினையும் கொஞ்சம் நைட்ரிக் அமிலத்தையும் கலந்து பூசினால் வரைந்த இடம் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும், வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கல்லை நனைத்து எண்ணெய் மை உருளையை ஓட்டினால், மை கோடுகளில் மட்டும் ஏறும். ஈரமான இடத்தைத் தொடாது. மேலே தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம் இடவலம் மாறி வந்துவிடும். செம்புத் தகட்டில் செதுக்க வேண்டுமானால் வருடக்கணக்கில் கைப்பழக்கம் தேவை. பெரும்பாலும் ஓவியர் வரைவார், செதுக்குகிறவர் வேறு ஒருவராக இருப்பார். கல்லில் ஓவியரே நேராக வரையலாம், அவருடைய கை போன போக்கு அப்படியே அச்சாகும். பாரிஸில் 1816 வாக்கில் கல்லச்சுக்கூடங்கள் வந்தன. பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ கல்லில் வரைந்தார். ஸ்பெயின் ஓவியர் கோயா தன் கடைசிக் காலத்தில், 1825இல், பிரான்சின் போர்தோவில் இருந்துகொண்டு காளைச் சண்டைகளைக் கல்லில் வரைந்தார்.

இதே முறைதான் அந்த நூற்றாண்டின் இறுதியில், பல கற்களில் பல நிறமாக வளர்ந்து, நம் ஊர்ப் பூஜையறைகளுக்கு வந்து சேர்ந்தது. ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் ஜெர்மன் தொழில்நுட்பத்தாலும் ஜெர்மன் ஆட்களாலும் நடந்தது. அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் இதே எண்ணெய், தண்ணீர் விரோதத்தில் பிறந்தவர்கள்தான்.

கல்லச்சுக்கு உலகிலேயே சிறந்த கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுரங்கங்களில் கிடைத்தது. அவ்வளவு நுண்ணிய துகள் கொண்ட கல், மயிரிழைக் கோட்டையும் பிடித்துவைக்கும். 1861இல் அதே சுரங்கப் பகுதிக் கல்லில்தான் ஒரு பழங்கால இறகின் அச்சு இருப்பது உலகுக்குத் தெரிந்தது. டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட ஆர்க்கியோப்டெரிக்ஸின் முதல் தடயம் அது. அந்த உயிரியின் அறிவியல் பெயரின் இரண்டாம் பாதி ‘லித்தோகிராஃபிகா’. கல்லச்சுக் கல்லில் கிடைத்ததால் வந்த பெயர். தெலக்ருவாவின் சாத்தான் சிறகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இறகும் ஞாபகம் வரும்.

இனி தெலக்ருவா கல்லில் என்ன செய்தார் என்று பார்க்கலாம். வெள்ளைக் கல்லில் கறுப்புக் கோடு இழுப்பது சாதாரண முறை. அவர் பல இடங்களில் தலைகீழாகப் போனார். கிரேயானைப் பட்டையாகத் தேய்த்தும் தூரிகையால் மை பூசியும் முதலில் இருட்டைப் போட்டுக்கொண்டார். பிறகு கூரான முனையால் அந்தக் கறுப்பைச் சுரண்டி வெளிச்சத்தை வெளியே எடுத்தார். பறக்கும் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். வானத்திலும் சிறகிலும் மெல்லிய வெள்ளைக் கீறல்கள் ஓடுகின்றன. வரைந்த கோடு இப்படி இருக்காது. நகத்தால் பிராண்டியதுபோல வேகமாக, ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. இருட்டு முதலில் இருந்தது, வெளிச்சம் அதிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டது என்று கண்ணே சொல்லிவிடுகிறது.

நாடகத்தில் மெஃபிஸ்டோ தன்னைப் பற்றிச் சொல்லும்போது, ஒளியைப் பெற்றெடுத்த இருட்டின் ஒரு பகுதி நான் என்கிறான். தெலக்ருவா இந்த வரியை மனதில் வைத்துக் கல்லைச் சுரண்டினார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டு இந்தக் கல்லைப் பார்த்தால், வேலை நடந்த விதமும் பாத்திரத்தின் பேச்சும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதைக் காணலாம். செம்பில் செதுக்கிய சுத்தமான கோட்டில் இது கிடைத்திருக்காது.

1826 நவம்பரில் இந்த வரிசையின் இரண்டு மாதிரித் தாள்கள் ஜெர்மனியின் வைமார் நகரில் கதேயின் கைக்கு வந்தன. கதேக்கு அப்போது 77 வயது. தெலக்ருவாவுக்கு 28. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, கடைசிவரை பார்க்கவும் இல்லை. கதேயுடன் நடந்த உரையாடல்களைக் குறித்துவைத்த எக்கர்மன், அந்த நாளையும் பதிவு செய்திருக்கிறார். வந்த தாள்களில் ஒன்று மதுக்கடைக் காட்சி: கொட்டிய மது நெருப்பாக எரிய, குடித்துக்கொண்டிருந்தவர்கள் பதறுகிறார்கள். இன்னொன்று, இரவில் தூக்குமரத்தைத் தாண்டி ஃபவுஸ்ட்டும் சாத்தானும் குதிரையில் பாய்ந்து போகும் காட்சி.

இரண்டாவது படத்தை அவர்கள் பார்த்த விதம் அருமை. ஃபவுஸ்ட்டின் கறுப்புக் குதிரை முழு வேகத்தில் பாய்கிறது, தூக்குமரத்தடியில் இருக்கும் பேய்களுக்கு அது மிரள்வதுபோல் தெரிகிறது. பக்கத்தில் சாத்தான் எந்தப் பதற்றமும் இல்லாமல் அமர்ந்திருக்கிறான். அவன் ஏறியிருப்பது உயிருள்ள குதிரை இல்லை, உயிருள்ள எதுவும் அவனுக்குப் பிடிக்காதே என்று எக்கர்மன் எழுதுகிறார். நாடகத்தில் அந்தக் காட்சி மொத்தமே ஆறே வரிதான். கறுப்புக் குதிரைகளில் இரண்டு பேர் பேசிக்கொண்டே விரைகிறார்கள் என்பது மட்டும்தான், குதிரைகளைப் பற்றி வேறு விவரணை கிடையாது. இங்கேயும் தெலக்ருவா போய் நின்றது கதே வெறுமையாக விட்ட இடத்தில்தான்.

கதே என்ன சொன்னார்? தெலக்ருவா பெரிய திறமைசாலி, தனக்கு ஏற்ற தீனியை ஃபவுஸ்ட்டில் கண்டுகொண்டார் என்றார். பிரெஞ்சுக்காரர்கள் அவருடைய முரட்டுத்தனத்தைக் குறை சொல்கிறார்கள், இந்த இடத்தில் அது அவருக்குப் பொருந்தி வருகிறது என்றார். அதற்கும் மேலே ஒரு படி போனார். நானே உருவாக்கிய காட்சிகளில் எனக்கு இருந்த கற்பனையை இவர் மிஞ்சிவிட்டார் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்போது, வாசகர்களுக்கு இவை எவ்வளவு உயிரோட்டமாகத் தெரியும் என்றார்.

இளமையில் தொடங்கி, 1790இல் பாதியாக வெளியிட்டு, 1808இல் முதல் பாகத்தை முடித்து, அப்போதும் இரண்டாம் பாகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒருவர் சொன்ன வார்த்தை இது. வாழ்நாள் முழுக்கச் சுமந்த ஒரு படைப்பை, வேறு மொழிக்காரரான ஓர் இளைஞர் மொழிபெயர்ப்பு வழியாகப் படித்துவிட்டு வரைந்திருக்கிறார். அதைப் பார்த்து “நான் நினைத்ததைவிட நன்றாகப் பார்த்திருக்கிறான்” என்று சொல்ல எத்தனை எழுத்தாளர்களுக்கு மனம் வரும்? கதேயின் ரசனை பொதுவாகத் தெளிவையும் அளவையும் விரும்பியது. ரெட்ஷின் சுத்தமான கோடுகளும் அவருக்குப் பிடித்திருந்தன. அப்படிப்பட்டவர் இந்தக் கறுப்புக் கீறல்களை ஏற்றுக்கொண்டது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

மற்றப் படங்களைப் பற்றி எல்லாம் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. மண்டையோட்டைப் பார்த்துப் பேசும் ஃபவுஸ்ட், வழியில் பின்தொடரும் கறுப்பு நாய், மாணவனுக்குப் புத்தி சொல்லும் சாத்தான், ராட்டையின் முன்னால் மார்கரெத், அவளுடைய அண்ணன் வாலன்டீனோடு நடக்கும் வாள்சண்டை, தேவாலயத்தில் குமுறும் மார்கரெத், ஹார்ட்ஸ் மலையில் மந்திர இரவு, கடைசியில் சிறை. எல்லாமே ஒரே தரத்தில் இல்லை. சிலவற்றில் கைகால்கள் திருகிக்கொண்டு, நடிகர்கள் மேடையில் நிற்பதுபோல் இருக்கிறது. அந்தக் காலத்து விமர்சகர்கள் கேலி செய்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் இந்த வரிசையைப் புரட்டும்போது ஒன்றைக் கவனிக்கலாம். முதல் படத்துக்குப் பிறகு சாத்தான் ஊர்க்காரனாக மாறிவிடுகிறான். உடை போட்டுக்கொள்கிறான், மார்கரெத்தின் பக்கத்துவீட்டு மார்த்தாவின் முன்னால் வளைந்து வணங்குகிறான். வெளிப்பார்வைக்குக் கனவான். முதல் படத்தைப் பார்த்துவிட்டவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டைக்குள் சிறகு இருப்பதும், கையுறைக்குள் இருக்கவேண்டிய நகமும் மறக்காது. மார்த்தா பார்ப்பது ஒருவனை, நாம் பார்ப்பது இன்னொருவனை. ஒரே ஒரு படத்தை முன்னால் வைத்ததால் பின்னால் வரும் அத்தனை படங்களுக்கும் இந்த நடுக்கம் கிடைத்துவிடுகிறது.

பாரிஸில் அச்சிட்டு வெளியிட்டவர் கல்லச்சுக்காரரான ஷார்ல் மோத், கூடவே சொத்தலே என்ற பதிப்பாளர். ஆல்பேர் ஸ்தப்ஃபேரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு படங்களைச் சேர்த்துப் பெரிய அளவுப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். நேரம் சரியில்லை. அதே 1828 தொடக்கத்தில் தெலக்ருவாவின் ‘சர்தனபாலின் மரணம்’ ஓவியம் அரசுக் கண்காட்சியில் தொங்கி, நாலாபக்கமும் வசை வாங்கிக்கொண்டிருந்தது. புத்தகமும் விற்கவில்லை.

1862 மார்ச்சில், விமர்சகர் ஃபிலிப் பூர்த்தி கேட்டதற்குப் பதிலாக, தெலக்ருவா ஒரு கடிதத்தில் இதையெல்லாம் நினைவிலிருந்து எழுதினார். எழுத்தோடு சேர்த்துப் படங்களை வெளியிடவேண்டும் என்று மோத்துக்குத் தோன்றியதே விற்பனையைக் கெடுத்தது என்றார். படங்களின் விநோதத்தை வைத்துக் கேலிச்சித்திரங்கள் வந்தன, ‘அசிங்கத்தின் பள்ளி’க்குத் தலைவர்களில் ஒருவன் என்று தன்னை ஆக்கிவிட்டார்கள் என்றார். ஆனால் மூத்த ஓவியர் ழெரார் சில படங்களைப் பாராட்டினார், முக்கியமாக மதுக்கடைக் காட்சியை என்று அதையும் மறக்காமல் சொன்னார். கிடைத்த பணம்? ஒரு நூறு ஃபிராங்க் இருக்கும். அத்தோடு, ஆங்கில ஓவியர் லாரன்ஸ் வரைந்த போப் ஏழாம் பயஸ் ஓவியத்தின் செதுக்குப்பட நகல் ஒன்று. 17 காட்சிகளுக்கும் கதேயின் உருவப்படத்துக்கும் சேர்த்துக் கிடைத்த கூலி அவ்வளவே. கடிதம் எழுதிய அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

இந்தத் தோல்வியோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஹாம்லெட்டுக்காக மறுபடியும் கல்லில் வரைந்தார், அதைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1843இல் 13 படங்களாக 80 பிரதிகள் வந்தன. அதிலும் லாபம் இல்லை.

ஃபவுஸ்ட் வரிசையின் முதல் கட்ட மாதிரித் தாள்கள் சில இன்றும் இருக்கின்றன. அவற்றில் முக்கியப் படத்தைச் சுற்றியுள்ள ஓரங்களில் தெலக்ருவா குதிரைகளையும் சிங்கங்களையும் தலைகளையும் சின்னச் சின்னதாகக் கிறுக்கியிருக்கிறார். கை பழகுவதற்காகவா, மனம் போன போக்கிலா என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். புத்தகத்துக்கு அச்சிடும் முன் அந்த ஓரக் கிறுக்கல்களைக் கல்லிலிருந்து அழித்துவிட்டார்கள். அழிப்பதற்கு முன் எடுத்த தாள்களைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள்.

1828 புத்தகத்தைத் திறந்தால் முகப்பில் இருப்பது கதேயின் முகம். நேரில் ஒருநாளும் பார்க்காத அந்தப் பெரியவரைத் தெலக்ருவாவே கல்லில் வரைந்திருக்கிறார். சில பக்கங்கள் தள்ளினால் இரவு வருகிறது. நகரம், கோபுரங்கள், விரிந்த சிறகுகள். அடியில் அந்த வரி: அவ்வப்போது அந்தப் பெரியவரைப் போய்ப் பார்ப்பதில் எனக்கு விருப்பம்தான்.